பின்னணிக்குப் போய்த் திரும்பியதும் குழம்பும் ஆப்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

சோதனைப் போனில் ஒழுங்காக ஓடிய ஆப், பயனர் கைக்குப் போனதும் பாதி நிரப்பிய படிவத்தை மறக்கிறது. தரவு ஒத்திசைவு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுகிறது. ஒரு திரையில் 3 என்று இருக்கும் எண்ணிக்கை அடுத்த திரையில் 2 ஆக நிற்கிறது. பார்க்கத் தனித்தனிப் பிழைகள்தான். ஆனால் ஒவ்வொன்றையும் தோண்டினால் பெரும்பாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம்: இந்தத் தகவல் யாருடைய பொறுப்பு, அந்தப் பொறுப்பாளர் எவ்வளவு நேரம் உயிரோடு இருப்பார் என்று எழுதும்போதே யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். கீழே உள்ளவை ஆண்ட்ராய்டையும் அதற்கான நிரல்மொழியான காட்லினையும் வைத்து எழுதப்பட்டவை. ஐஓஎஸ் முக்கியமாக வேறுபடும் இடங்கள் கடைசியில்.

முதலில்: ப்ராசஸ் செத்ததா, இல்லையா?

ப்ராசஸ் என்பது ஆப் ஓடும்போது சிஸ்டம் அதற்குத் தரும் தனி இயக்கம். எந்த அறிகுறியானாலும் இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் கோடில் கை வைக்க வேண்டாம். அப்ளிகேஷன் கிளாஸின் ஆன்கிரியேட்டில் (தொடங்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ப்ராசஸ் எண்ணையும் பெயரையும் ஒரு வரியில் லாக் செய்யுங்கள். வியூமாடல் (திரைக்கான தரவை வைத்திருப்பது), சர்வீஸ் (திரை இல்லாமல் ஓடும் பகுதி), ஒர்க்கர் (குறித்துவைத்த பின்னணி வேலையைச் செய்வது) ஆகியவை பிறக்கும் இடங்களிலும் அதே எண்ணை எழுதுங்கள். பிழை நிகழ்ந்த பிறகு எண் மாறியிருந்தால், நினைவகத்தில் இருந்த எல்லாமே போய்விட்டது என்று பொருள். எண் மாறவில்லை என்றால் தவறு உங்கள் ஸ்டேட் (ஆப்பின் தற்போதைய தகவல்நிலை) கையாளுதலில் இருக்கிறது. ஒரே சமயத்தில் இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் அது மூன்றாவது வகை. அதற்குக் கீழே தனிப் பகுதி உண்டு.

ஆண்ட்ராய்டு 11 முதல், ப்ராசஸ் ஏன் செத்தது என்பதை ஆப்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆக்டிவிட்டிமேனேஜரில் உள்ள கெட்ஹிஸ்டாரிக்கல்ப்ராசஸ்எக்ஸிட்ரீஸன்ஸ் பழைய மரணங்களின் பட்டியலைத் தரும்: நினைவகப் பற்றாக்குறையா, ஏஎன்ஆரா (ஆப் பதிலளிக்காமல் உறைவது), கிராஷா, பயனரே நிறுத்தினாரா என்று. ஆப் திறந்ததும் இதைப் படித்து உங்கள் பிழைப் பதிவுக்கு அனுப்பிவிட்டால் பாதி ஊகங்கள் குறையும்.

சோதிக்கும் முறையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒன்றுபோலத் தெரியும் மூன்று செயல்கள் உண்மையில் மூன்று வேறு நிலைகள். அண்மை ஆப்கள் பட்டியலிலிருந்து ஆப்பை விரலால் தள்ளினால் டாஸ்க்கே (திறந்த திரைகளின் அடுக்கு) நீங்கிவிடும், சேமித்த திரைநிலையும் சேர்ந்து போகும். அமைப்புகளில் உள்ள ஃபோர்ஸ் ஸ்டாப், குறித்துவைத்த அலாரங்களையும் வேலைகளையும் நிறுத்திவிடும், பயனர் மறுபடி ஆப்பைத் திறக்கும்வரை எதுவும் ஓடாது. நினைவகம் போதாமல் சிஸ்டமே கொல்வது இந்த இரண்டுமல்ல: டாஸ்க் இருக்கும், சேமித்த திரைநிலையும் இருக்கும், ப்ராசஸ் மட்டும் இருக்காது. அதை வரவழைக்க, ஹோம் பொத்தானை அழுத்தி ஆப்பைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, கணினியிலிருந்து "ஏடிபி ஷெல் ஏஎம் கில்" கட்டளையோடு ஆப்பின் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். பிறகு அண்மைப் பட்டியல் வழியாகத் திரும்பி வாருங்கள். ஆப் முன்னணியில் இருக்கும்போது இந்தக் கட்டளை ஒன்றும் செய்யாது. "வேலை செய்யவில்லையே" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

அறிகுறி: திரும்பி வந்தால் படிவம் காலி, அல்லது நடுத்திரையில் கிராஷ்

திரையைச் சுழற்றினால் தரவு தங்குகிறது, வேறு ஆப்புக்குப் போய் அரைமணி கழித்து வந்தால் காணோம். அப்படியானால் தரவு வியூமாடலில் மட்டும் இருக்கிறது. வியூமாடல் சுழற்சியைத் தாண்டும், ப்ராசஸ் மரணத்தைத் தாண்டாது.

பயனர் தட்டச்சு செய்ததையும், எந்தத் தாவலில் இருந்தார், எந்தப் பதிவைத் திறந்திருந்தார் என்பதையும் ஸேவ்டுஸ்டேட்ஹேண்டிலில் (சிஸ்டம் சேமித்துத் தரும் திரைநிலை) வையுங்கள். பதிவு முழுவதையும் வைக்க வேண்டாம், அதன் அடையாள எண் போதும். மீதியை போனிலேயே உள்ள ரூம் தரவுத்தளத்திலிருந்து மறுபடி எடுத்துக்கொள்ளலாம். இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வதல்ல. சேமித்த திரைநிலை பைண்டர் (ப்ராசஸ்களுக்கு இடையே தகவல் கடத்துவது) வழியாகத்தான் சிஸ்டத்துக்குப் போகிறது. பைண்டரின் இடையகம் ஒரு ப்ராசஸுக்கு மொத்தம் 1 எம்பி. நடந்துகொண்டிருக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. படங்களின் பட்டியலை அதில் திணித்தால், ஆண்ட்ராய்டு 7.0 முதல் ட்ரான்ஸாக்ஷன்டூலார்ஜ் விதிவிலக்கோடு (எக்ஸப்ஷன்) ஆப் விழும். அதுவும் பயனர் ஹோம் அழுத்திய கணத்தில் விழும் என்பதால், எந்தத் திரையின் தவறு என்று ஸ்டாக் ட்ரேஸில் (பிழை வரை நடந்த அழைப்புகளின் பட்டியல்) தெரியாது.

கிராஷ் வகைக்குக் காரணம் வேறு. லாகின் திரையில் நிரப்பப்பட்ட சிங்கிள்டன் (ப்ராசஸ் முழுவதற்கும் ஒரே பிரதியாக இருப்பது) ஒன்று, "தற்போதைய பயனர்" என்ற மாறியை வைத்திருக்கிறது. ப்ராசஸ் செத்துத் திரும்பும்போது சிஸ்டம் லாகின் திரையிலிருந்து தொடங்காது, பயனர் விட்டுப்போன ஏழாவது திரையை நேராகத் திறக்கும். சிங்கிள்டன் காலியாக இருக்கும், நல் (மதிப்பே இல்லை) பிழை வரும். "முதல் திரை எப்போதும் முதலில் ஓடும்" என்று நம்பி எழுதிய ஒவ்வொரு இடமும் இப்படி விழும். பயனர் அடையாளத்தை டிஸ்கில் வைத்து, ரெப்பாசிட்டரி (தரவை எடுத்துத் தரும் பகுதி) தானே தேவைப்படும்போது படித்துக்கொள்ளும்படி மாற்றுங்கள். நல் சோதனை ஒன்றைச் சேர்த்துக் கிராஷை மட்டும் அடைத்தால் அடுத்த புகார் "வெறும் திரை வருகிறது" என்று வரும்.

அறிகுறி: தரவு மாறிவிட்டது, திரை மாறவில்லை

லாகில் புதிய மதிப்பு இருக்கிறது, தரவுத்தளத்திலும் இருக்கிறது, திரையில் பழையது. இந்த வரிசையில் பாருங்கள்.

பட்டியலை இருந்த இடத்திலேயே திருத்துகிறீர்களா? ஸ்டேட்ஃப்ளோ (மதிப்பு மாறினால் கவனிப்போருக்குச் சொல்வது) பழைய மதிப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, சமம் என்றால் யாருக்கும் சொல்லாது. ம்யூட்டபிள்லிஸ்டில் (திருத்தக்கூடிய பட்டியல்) ஒன்றைச் சேர்த்துவிட்டு அதே பட்டியலை மறுபடி வைத்தால், இரண்டும் ஒரே பொருள், எனவே சமம். டேட்டா கிளாஸை காப்பி செய்தாலும் தப்ப முடியாது. உள்ளே இருக்கும் பட்டியல் அதே பட்டியல்தான், பழைய நகலும் சேர்ந்தே மாறியிருக்கும். ஸ்டேட்டுக்குள் ம்யூட்டபிள் வகைகளே இருக்கக் கூடாது என்று விதி வைத்துக்கொள்வது மலிவான தீர்வு.

அது இல்லையென்றால், ரெப்பாசிட்டரி இரண்டு பிறந்திருக்கிறதா பாருங்கள். திரை ஒரு பிரதியையும் சர்வீஸ் இன்னொரு பிரதியையும் பிடித்திருந்தால், சர்வீஸ் எழுதுவது திரைக்கு எட்டாது. இரு பக்கமும் அந்தப் பொருளின் ஐடென்டிட்டி ஹேஷ்கோடை லாக் செய்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஹில்ட் (பொருள்களை உருவாக்கித் தரும் லைப்ரரி) பயன்படுத்துவோர் சிங்கிள்டன் குறிப்பை விட்டுவிட்டால், கேட்கும்போதெல்லாம் புதிய பிரதிதான் கிடைக்கும்.

கொஞ்ச நேரம் வேலை செய்து பிறகு நின்றுபோவது தனி ரகம். ஷேர்டுபிரிஃபரன்ஸஸில் (சிறு அமைப்புகளுக்கான சேமிப்பு) மாற்றம் கேட்கும் லிஸனரைப் பதியும்போது, சிஸ்டம் அதை வீக் ரெஃபரன்ஸாகத்தான் (குப்பை நீக்கியைத் தடுக்காத பிடி) வைத்துக்கொள்கிறது. பதியும் வரியிலேயே லாம்ப்டாவாகக் கொடுத்தால் வேறு யாரும் அதைப் பிடித்திருக்க மாட்டார்கள், குப்பை நீக்கி வந்ததும் போய்விடும். லிஸனரை கிளாஸின் ப்ராப்பர்ட்டியாக வைத்தால் சரியாகும். டீபகரில் கண்ணாமூச்சி காட்டும் பிழை இது. நினைவக நெருக்கடி இல்லாத வரை எல்லாம் சரியாகவே ஓடும்.

அறிகுறி: எண்ணிக்கை எப்போதாவது குறைகிறது

திரையும் பின்னணி ஒத்திசைவும் ஒரே ஸ்டேட்டைத் தொடுகின்றன. இரண்டும் 5 என்று படிக்கின்றன, இரண்டும் 6 என்று எழுதுகின்றன. 7 வந்திருக்க வேண்டும். "மதிப்பை எடு, காப்பி செய், திரும்ப வை" என்று மூன்று படியாக எழுதிய இடங்களைத் தேடி, ம்யூட்டபிள்ஸ்டேட்ஃப்ளோவின் அப்டேட் ஃபங்ஷனுக்கு மாற்றுங்கள். அது இடையில் யாராவது மாற்றியிருந்தால் மறுபடி கணக்கிடும். அதனாலேயே அந்த லாம்ப்டா ஒருமுறைக்கு மேல் ஓடக்கூடும், உள்ளே நெட்வொர்க் அழைப்போ லாகோ வைக்காதீர்கள்.

டிஸ்க்கிலும் இதே கதை. ரூமில் படித்துவிட்டு ஒன்று கூட்டி எழுதுவதற்குப் பதில், இருக்கும் மதிப்போடு ஒன்று கூட்டும்படி எஸ்க்யூஎல்லிலேயே ஒரே கூற்றாக எழுதுங்கள். டேட்டாஸ்டோரில் (ஷேர்டுபிரிஃபரன்ஸஸுக்கு மாற்றான சேமிப்பு) அப்டேட்டேட்டா இதற்கென்றே இருக்கிறது.

அறிகுறி: ஒருமுறை காட்ட வேண்டிய செய்தி வரவே இல்லை, அல்லது இருமுறை வருகிறது

ரீப்ளே (புதிதாகக் கேட்பவருக்குத் திரும்பத் தரும் பழைய செய்திகளின் எண்ணிக்கை) 0 ஆக உள்ள ஷேர்டுஃப்ளோ (நிகழ்வுகளை அனுப்புவது), கேட்பவர் இல்லாத நேரத்தில் வந்ததைத் தூக்கி எறியும். ரீப்ளே 1 ஆக்கினால் சுழற்றியதும் பழைய செய்தி மறுபடி வரும். "பணம் செலுத்தியாகிவிட்டது" போல முக்கியமான முடிவை நிகழ்வாக அனுப்பாமல் ஸ்டேட்டில் ஒரு புலமாக வைத்து, காட்டியதும் அழியுங்கள்.

அறிகுறி: பயனர் திடீர் திடீரென்று லாகவுட் ஆகிறார்

ஆப்பைத் திறந்ததும் நான்கு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. டோக்கன் (லாகின் செய்ததற்கான சான்று) காலாவதி. நான்கும் 401 (அனுமதியில்லை) வாங்குகின்றன, நான்கும் புதுப்பிக்கப் போகின்றன. புதிய டோக்கன் வாங்கக் காட்டும் புதுப்பிப்பு டோக்கனை ஒருமுறைக்கு மேல் ஏற்காத சர்வராக இருந்தால், முதல் கோரிக்கை வெல்லும். இரண்டாவது "பழைய டோக்கன் மறுபயன்பாடு" என்று கருதப்பட்டு அமர்வே ரத்தாகலாம். பின்னணி ஒர்க்கரும் திரையும் ஒரே கணத்தில் விழிக்கும் ஆப்களில் இது அதிகம்.

தீர்வின் வடிவம் எப்போதும் ஒன்றுதான்:

1. புதுப்பிக்கும் கோடை ஒரு மியூடெக்ஸுக்குள் (ஒரு நேரத்தில் ஒருவரையே உள்ளே விடும் பூட்டு) வையுங்கள்.
2. பூட்டு கிடைத்ததும், தோற்ற கோரிக்கையில் போன டோக்கனையும் இப்போது சேமிப்பில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் வேறொருவர் ஏற்கெனவே புதுப்பித்துவிட்டார், புதியதை வைத்து மறுபடி அனுப்பினால் போதும்.
3. ஒன்றாகவே இருந்தால் மட்டும் சர்வரிடம் போங்கள். வந்த இரு டோக்கன்களையும் பூட்டை விடும் முன் டிஸ்கில் எழுதுங்கள்.
4. நெட்வொர்க் துண்டிப்பை லாகவுட் ஆக்காதீர்கள். சர்வர் தெளிவாக மறுத்தால் மட்டுமே அமர்வை அழியுங்கள்.

இரண்டாம் படியைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாத மியூடெக்ஸ் நான்கு புதுப்பிப்புகளையும் வரிசையாகச் செய்யும், அவ்வளவே.

அறிகுறி: சர்வீஸ் எழுதியது திரைக்குத் தெரியவில்லை, லாகில் இரண்டு ப்ராசஸ் எண்கள்

மேனிஃபெஸ்டில் (ஆப்பின் பகுதிகளை அறிவிக்கும் கோப்பு) சர்வீஸுக்கு ஆண்ட்ராய்டு ப்ராசஸ் பண்பு கொடுக்கப்பட்டிருக்கும். நீங்கள் எழுதாவிட்டாலும் ஏதாவது லைப்ரரி கொண்டுவந்திருக்கலாம், ஒன்றிணைந்த மேனிஃபெஸ்டைத் திறந்து தேடுங்கள். தனி ப்ராசஸ் என்றால் சிங்கிள்டன் தனி, ஸ்டேட்ஃப்ளோ தனி, மியூடெக்ஸும் தனி. அப்ளிகேஷனின் ஆன்கிரியேட் இரண்டு முறை ஓடும், மேலே சொன்ன டோக்கன் பூட்டு எதையும் பூட்டாது.

ஷேர்டுபிரிஃபரன்ஸஸ் ப்ராசஸ்களுக்கு இடையே நம்பத்தக்கதல்ல. மல்டி ப்ராசஸ் மோடை ஆண்ட்ராய்டு 6.0 லேயே கைவிடச் சொல்லிவிட்டார்கள். டேட்டாஸ்டோருக்கு மல்டிப்ராசஸ்டேட்டாஸ்டோர்ஃபேக்டரி உண்டு. ரூமில் மல்டி இன்ஸ்டன்ஸ் இன்வாலிடேஷனை இயக்கினால் ஒரு ப்ராசஸின் மாற்றம் மற்றதன் கவனிப்பாளர்களுக்குப் போகும். ஆனால் முதலில் கேட்க வேண்டியது, தனி ப்ராசஸ் உண்மையில் எதற்கு என்பதை. "பின்னணி வேலை தனியாக ஓடட்டும்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் அந்தப் பண்பை நீக்கிவிடுங்கள். த்ரெட் போதும் என்கிற இடத்தில் ப்ராசஸ் வைத்ததால் வந்த வினை.

"ஒரே கோப்புக்குப் பல டேட்டாஸ்டோர்கள்" என்ற விதிவிலக்கு இதோடு குழப்பிக்கொள்ளப்படும். அது ஒரே ப்ராசஸுக்குள் இரண்டு முறை உருவாக்கியதால் வருவது. ஆக்டிவிட்டிக்குள் அறிவித்ததைக் கோப்பின் மேல்நிலைக்கு நகர்த்துங்கள்.

அறிகுறி: ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் தொடங்கும்போதே கிராஷ்

ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்பது பயனருக்கு அறிவிப்பைக் காட்டிக்கொண்டே ஓடும் சர்வீஸ். இங்கே விதிவிலக்கின் பெயரே பாதி விடை. ஆனால் அதே கோடு ஒரு போனில் ஓடி இன்னொன்றில் விழுவதற்குக் காரணம், விதிகள் பதிப்புக்குப் பதிப்பு இறுகியதுதான்.

இல்லீகல்ஸ்டேட், "சர்வீஸைத் தொடங்க அனுமதியில்லை" என்று வந்தால்: ஆண்ட்ராய்டு 8.0 முதல் பின்னணியிலிருந்து சாதாரண சர்வீஸைத் தொடங்க முடியாது. பின்னணி வேலைகளைக் குறித்துவைத்து ஓட்டும் ஒர்க்மேனேஜருக்கு மாற்றுங்கள்.

"ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்ட் அழைக்கப்படவில்லை" என்று வந்தால்: ஸ்டார்ட்ஃபோர்கிரவுண்ட்சர்வீஸ் அழைத்த 5 விநாடிக்குள் அறிவிப்பைக் காட்டியிருக்க வேண்டும். அதை ஆன்கிரியேட்டில் மட்டும் வைத்திருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். சர்வீஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஆன்கிரியேட் மறுபடி வராது, ஆன்ஸ்டார்ட்கமாண்ட் மட்டுமே வரும். அதன் முதல் வரியிலேயே அழையுங்கள், தரவுத்தளம் திறப்பதெல்லாம் பிறகு. "வேலை எதுவும் இல்லை" என்று கண்டு அறிவிப்புக் காட்டாமலே நிறுத்திவிடுவதும் இதே கிராஷைத்தான் தரும். காட்டிவிட்டு நிறுத்துங்கள்.

ஃபோர்கிரவுண்ட்சர்வீஸ்ஸ்டார்ட்நாட்அலவுட்: ஆண்ட்ராய்டு 12 முதல், சில விலக்குகள் தவிர, பின்னணியிலிருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸையும் தொடங்க முடியாது.

மிஸ்ஸிங்ஃபோர்கிரவுண்ட்சர்வீஸ்டைப், அல்லது செக்யூரிட்டி விதிவிலக்கு: ஆண்ட்ராய்டு 14 ஐக் குறிவைக்கும் ஆப், சர்வீஸின் வகையை மேனிஃபெஸ்டில் சொல்லி, அந்த வகைக்கான அனுமதியையும் தனியாக அறிவிக்க வேண்டும். ஒர்க்மேனேஜரின் செட்ஃபோர்கிரவுண்டைப் பயன்படுத்துவோருக்கும் இது உண்டு. ஃபோர்கிரவுண்ட்இன்ஃபோவில் வகையைக் கொடுத்தால் மட்டும் போதாது, ஒர்க்மேனேஜரின் சிஸ்டம்ஃபோர்கிரவுண்ட்சர்வீஸை உங்கள் மேனிஃபெஸ்டில் மறுபடி எழுதி அதற்கும் வகை சேர்க்க வேண்டும்.

சில மணிநேரம் ஓடிய பிறகு விழுகிறது என்றால்: ஆண்ட்ராய்டு 15 ஐக் குறிவைக்கும் ஆப்பில் டேட்டாசிங்க் (தரவு ஒத்திசைவு) வகைக்கு 24 மணிநேரத்தில் மொத்தம் 6 மணிநேரம்தான். நேரம் முடிந்ததும் ஆன்டைம்அவுட் வரும். சில விநாடிக்குள் நின்றுவிட வேண்டும், இல்லையேல் சிஸ்டம் வீழ்த்தும்.

இன்னொன்று: ஸ்டார்ட்_ஸ்டிக்கி திருப்பித் தரும் சர்வீஸைச் சிஸ்டம் உயிர்ப்பிக்கும்போது இன்டென்ட் (சர்வீஸைத் தொடங்க அனுப்பிய கோரிக்கை) நல்லாக வரும். காட்லினில் கேள்விக்குறி இல்லாமல் அறிவித்திருந்தால் பின்னணியிலேயே விழும், பயனருக்கும் தெரியாது. பழைய இன்டென்ட் வேண்டுமென்றால் ஸ்டார்ட்_ரீடெலிவர்_இன்டென்ட்.

நிறுத்தியும் சர்வீஸ் நிற்கவில்லையா? தொடங்கவும் செய்து பைண்டும் (இணைத்துக்கொள்வது) செய்த சர்வீஸ், ஸ்டாப்ஸெல்ஃப் அழைத்து, பைண்ட் செய்த எல்லோரும் விலகிய பிறகுதான் சாகும். "ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் ஆக்டிவிட்டி சர்வீசஸ்" என்பதோடு பேக்கேஜ் பெயரைத் தந்தால், யார் இன்னும் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும்.

அறிகுறி: குறித்துவைத்த பின்னணி வேலை ஓடவில்லை, அல்லது அளவுக்கு மீறி ஓடுகிறது

ஒர்க்மேனேஜரில் மறுபடி மறுபடி ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். 5 என்று கொடுத்தால் 15 ஆக்கிக்கொள்ளும், எச்சரிக்கை லாகில் மட்டுமே. 15 என்பதும் உத்தரவாதமல்ல. டோஸ் (பேட்டரி சேமிப்பு) நிலையில் போன் தூங்கினால் பராமரிப்பு இடைவேளை வரை காத்திருக்கும், அரிதாகத் திறக்கும் ஆப் என்றால் இன்னும் தள்ளிப்போகும். சோதிக்க, "டம்ப்சிஸ் பேட்டரி அன்பிளக்" கொடுத்து, திரையை அணைத்து, "டம்ப்சிஸ் டிவைஸ்ஐடில் ஃபோர்ஸ்-ஐடில்" கொடுங்கள். முடிந்ததும் "டம்ப்சிஸ் பேட்டரி ரீசெட்" மறக்க வேண்டாம். மறந்தால் அடுத்த நாள் முழுக்க போன் சார்ஜ் ஏறவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரே ஒத்திசைவு ஐந்தாறு முறை ஓடினால், ஆப் திறக்கும்போதெல்லாம் வெறும் என்க்யூ (வேலையை வரிசையில் சேர்ப்பது) அழைக்கப்படுகிறது. தனிப்பெயரோடு என்க்யூயூனிக்பீரியாடிக்ஒர்க் பயன்படுத்துங்கள். கொள்கை கீப் என்று வைத்தால் நகல் வராது. ஆனால் அடுத்த பதிப்பில் இடைவெளியையோ நிபந்தனையையோ மாற்றினால், ஏற்கெனவே நிறுவியவர்களுக்குப் பழையதே தொடரும். 2.8 பதிப்பு முதல் உள்ள அப்டேட் கொள்கை இதற்காகத்தான்.

ஆப் புதுப்பித்த பிறகு வேலை அடியோடு நின்றதா? ஒர்க்கர் கிளாஸின் முழுப்பெயர் ஒர்க்மேனேஜரின் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. ரீஃபாக்டர் செய்து வேறு பேக்கேஜுக்கு நகர்த்தியிருந்தால் பழைய பதிவுகளுக்கு கிளாஸ் கிடைக்காது.

நடுவில் நிற்கும் வேலைக்கு 10 நிமிட வரம்பை முதலில் சந்தேகியுங்கள். நின்ற பிறகும் ஓடிக்கொண்டிருந்தால், எல்லா எக்ஸப்ஷனையும் பிடிக்கும் கேட்ச் ஒன்று கேன்சலேஷன்எக்ஸப்ஷனையும் விழுங்குகிறது. அதை மட்டும் மறுபடி எறியுங்கள். ஒர்க்கர் எந்த வரியிலும் வெட்டப்பட்டு முதலிலிருந்து ஓடலாம் என்பதால், சர்வருக்கு அனுப்பும் ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஓர் அடையாளம் உருவாக்கி டிஸ்கில் வைத்துவிட்டு அனுப்புங்கள். ஒர்க்கருக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு மறுமுயற்சிக்கும் புதிய அடையாளம் பிறக்கும், நகல்கள் குவியும்.

ஐஓஎஸில் வேறுபடுவது

பிஜிடாஸ்க்ஷெட்யூலர் (பின்னணி வேலைகளைக் குறித்துவைப்பது) ஓடவே இல்லையென்றால் மூன்றைப் பாருங்கள்: அடையாளம் இன்ஃபோ பிலிஸ்டில் (ஆப்பின் அமைப்புக் கோப்பு) அனுமதித்த பட்டியலில் உள்ளதா, பதிவு ஆப் தொடங்கி முடியும் முன் நடக்கிறதா, ஒவ்வொரு முறை ஓடும்போதும் அடுத்த கோரிக்கையைச் சமர்ப்பிக்கிறீர்களா. சிமுலேட்டரில் இது ஓடாது, உண்மையான கருவி வேண்டும். பயனர் ஆப்பை மேலே தள்ளி மூடிவிட்டால், அவரே திறக்கும்வரை சிஸ்டம் எழுப்பாது.

டோக்கன் புதுப்பிப்பை ஸ்விஃப்ட் ஆக்டருக்குள் (தன் தரவை ஒரு நேரத்தில் ஒருவரையே தொடவிடும் வகை) வைத்தும் இருமுறை போகிறது என்றால், அவெயிட் செய்யும் (விடைக்குக் காத்திருக்கும்) இடைவெளியில் ஆக்டர் அடுத்த அழைப்பை உள்ளே விடுகிறது. நடந்துகொண்டிருக்கும் டாஸ்க்கையே ஆக்டரில் சேமித்து, இரண்டாவதாக வருபவரும் அதே டாஸ்க்குக்குக் காத்திருக்கும்படி செய்யுங்கள்.

போன் பூட்டியிருக்கும்போது மட்டும் லாகவுட் ஆவது கீசெயினால் (ரகசியங்களுக்கான ஐஓஎஸ் சேமிப்பு). இயல்பான அமைப்பில் உள்ளவை பூட்டு திறந்திருந்தால்தான் படிக்கக் கிடைக்கும். பின்னணியில் படித்தால் −25308 வரும். அதை "டோக்கன் இல்லை" என்று எடுத்துக்கொண்டு அமர்வை அழிக்கும் கோடுதான் குற்றவாளி. உண்மையாகவே இல்லை என்பதற்கான எண் −25300. இரண்டையும் பிரித்துக் கையாளுங்கள். டோக்கனை முதல் திறப்புக்குப் பிறகு கிடைக்கும் வகைக்கு மாற்றுங்கள். ஏற்கெனவே சேமிக்கப்பட்டவை தாமாக மாறாது என்பதால், புதுப்பித்த ஆப் முதன்முறை முன்னணியில் திறக்கும்போது பழைய பதிவைப் படித்துப் புதிய வகையில் மறுபடி எழுத வேண்டும்.